கடலோர வீட்டில் நானே பொருத்திய கணினி திடீரென அணைந்துவிடுகிறது: காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி: தங்கச்சிமடம், காணொளித் தொகுப்பாளர்

வணக்கம். தங்கச்சிமடத்தில், தென்கடலிலிருந்து ஏறத்தாழ இருநூறு மீட்டர் தள்ளியிருக்கும் எங்கள் வீட்டின் முன்னறையில் இருந்துகொண்டு, திருமண வீட்டுக் காணொளிகளையும் தேவாலயத் திருவிழாக் காணொளிகளையும் தொகுத்துக் கொடுப்பதுதான் என் தொழில். அதற்காக இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, பாகங்களைத் தனித்தனியாக வாங்கி நானே ஒரு கணினியைப் பொருத்தினேன். ரைசன் 5 5600 பிராசசர், பி550 மதர்போர்டு, 16 ஜிபி ரேம், ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு, 650 வாட் பவர் சப்ளை ஆகியவை அதில் உள்ளன. வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. கணினிக்கென்று தனியாக யூபிஎஸ் வாங்கவில்லை.

தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று தொடங்கியதிலிருந்து இந்தக் கணினி முன்னறிவிப்பின்றி அணைந்துவிடுகிறது. விண்டோஸ் நிலைகுலையும்போது வரும் நீலத் திரை வருவதில்லை, பிழைச் செய்தி எதுவும் வருவதில்லை. பிளக்கைப் பிடுங்கியதுபோல் விசிறிகளும் விளக்குகளும் ஒரே நேரத்தில் நின்றுவிடுகின்றன. காணொளி ரெண்டர் ஆகும்போதும் (தொகுத்தது இறுதிக் கோப்பாக மாறும்போதும்) அணைகிறது, சும்மா பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும்போதும் அணைகிறது. ஓரிரு முறை மட்டும், அணைவதற்குச் சற்று முன்பு, திரையில் விண்டோஸ் மூடப்படுவதற்கான வட்டம் சுழன்றதைப் பார்த்தேன். அப்டேட் ஏதோ நடக்கிறது என்று நினைத்து விட்டுவிட்டேன்.

பாகங்கள் வாங்கிய கடையில் கேட்டதற்கு, பவர் சப்ளையை மாற்றுங்கள் என்றார்கள். மாற்றினேன், குறையவில்லை. பிறகு ரேமை மாற்றச் சொன்னார்கள், அதையும் மாற்றினேன். இப்போது மதர்போர்டு என்கிறார்கள். இதுவரை ஒன்பதாயிரம் ரூபாய்க்கு மேல் செலவாகிவிட்டது. அடுத்த வாரம் மூன்று திருமணக் காணொளிகளை ஒப்படைத்தாக வேண்டும் என்பதால் இரவில் தூங்காமல் வேலை பார்க்கிறேன், அந்த இரவிலேதான் இது அதிகமாக அணைகிறது. போதாக்குறைக்கு, சென்ற வாரம் ஒருநாள் விடியற்காலை மூன்று மணிக்குக் கணினி தானாகவே இயங்கத் தொடங்கி விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருந்தது என்று அம்மா சொன்னார்கள். நான் அணைக்க மறந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். இனி ஒரு பாகத்தையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்க எனக்கு வசதியில்லை. எந்த வரிசையில் சோதிப்பது என்று தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்: தொண்டி, பொறியியல் மாணவர்

அண்ணா, எனக்கு இதே போன்ற சிக்கல் வந்தபோது காரணம் வெப்பமாக இருந்தது. பிராசசர் விசிறியின் அடியில் தூசியும் ஈரமும் சேர்ந்து, சேறு காய்ந்ததுபோல் அடைத்திருந்தது. 5600 பிராசசருக்கு நிறுவனம் குறித்திருக்கும் உச்ச வெப்பநிலை 90 டிகிரி செல்சியஸ். ரெண்டர் செய்யும்போது எவ்வளவு போகிறது என்று ஒரு கண்காணிப்புச் செயலியைத் திறந்து வைத்துப் பாருங்கள். 80-க்குள் நின்றால் வெப்பத்தை மறந்துவிடலாம்.

பதில்: கீழக்கரை, கணினிப் பழுதுபார்ப்பவர்

சகோதரரே, இருபது ஆண்டுகளாக இந்த வேலையில் இருப்பவன் என்ற முறையில் முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன்: இனிமேல் எதையும் மாற்றாதீர்கள். ஒவ்வொரு பாகத்தை மாற்றும்போதும் இணைப்புகள் கழன்று மீண்டும் செருகப்படுகின்றன; அதனால் சிக்கல் இரண்டு நாள் மறைந்து, குணமாகிவிட்டது என்ற தவறான நம்பிக்கையைத் தந்துவிட்டு, மறுபடியும் வரும். உங்களுக்கும் அப்படி ஒருமுறையாவது நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

"அணைகிறது" என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு வேறு நோய்கள் ஒளிந்துகொள்ளும். அணைந்த கணினி, பின்புறத்துப் பவர் சப்ளை ஸ்விட்சை அணைத்துச் சில நொடிகள் கழித்துப் போட்டால்தான் மீண்டும் உயிர்பெறும் என்றால், பவர் சப்ளை தன்னைக் காத்துக்கொள்வதற்காகப் பூட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். மிகைச் சுமையோ எங்கோ ஒரு குறுக்குச்சுற்றோ இருக்கிறது. அணைந்த சில நொடிகளில் அதுவாகவே மீண்டும் எழுந்தால், வெளியிலிருந்து வரும் மின்சாரம் ஒரு கணம் விட்டுப்போய் வந்திருக்கலாம். பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்பே இயங்கும் மதர்போர்டின் அடிப்படை மென்பொருளில், "மின்சாரம் திரும்பினால் இயங்கு" என்ற அமைப்பு போட்டிருந்தால் அப்படித்தான் நடக்கும். நீலத் திரை வந்தால் டிரைவர், ரேம் பக்கம் பார்க்க வேண்டும். விண்டோஸ் ஒழுங்காக மூடிக்கொண்டு அணைந்தால், யாரோ அல்லது எதுவோ அதை அணையச் சொல்லியிருக்கிறது.

உங்கள் விவரத்தைப் படித்தால் ஒன்றுக்கு மேற்பட்ட வகைகள் கலந்திருப்பதுபோல் தோன்றுகிறது. அப்படிக் கலந்திருந்தால், ஒரு காரணத்தைச் சரிசெய்த பிறகும் மற்றொன்று தொடரும்; சரிசெய்தது பயனில்லை என்று நாம் தவறாக முடிவு கட்டிவிடுவோம்.

ஆகவே சாட்சியைக் கேட்போம். விண்டோஸில், நடந்ததையெல்லாம் பதிந்து வைக்கும் ஈவன்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் என்ற பகுதிக்குச் செல்லுங்கள். அங்கே கெர்னல் பவர், எண் 41 என்ற பதிவுகள் சிவப்புக் குறியுடன் இருக்கும். இந்தப் பதிவு கணினி மீண்டும் தொடங்கும்போது எழுதப்படுவதால், அதன் நேரம் அணைந்த நேரமாகாது. அணைந்த நேரம் எண் 6008 என்ற பதிவின் வாசகத்தில் இருக்கும். 41-இன் விவரப் பகுதியைத் திறந்து இரண்டு மதிப்புகளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். "பக்செக் கோட்" என்பது 0 ஆக இருந்தால் நீலத் திரை வரவில்லை என்று பொருள். "பவர் பட்டன் டைம்ஸ்டாம்ப்" என்பது 0 ஆக இருந்தால் மின்சாரம் திடீரென்று போயிருக்கிறது. 0 அல்லாத ஒரு நீண்ட எண் இருந்தால், பவர் பொத்தான் அழுத்தப்பட்டதாக மதர்போர்டு நினைத்திருக்கிறது.

கூடவே மேசைமேல் ஒரு நோட்டு வைத்து, அணையும் ஒவ்வொரு முறையும் மணி, அப்போது செய்த வேலை, வீட்டு விளக்கு சிமிட்டியதா, இன்வெர்ட்டர் சத்தம் கேட்டதா என்று எழுதி வாருங்கள். ஒரு வாரம் போதும். உங்கள் 5600-இல் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லாததால் கார்டைக் கழற்றிவிட்டுச் சோதிக்க வழியில்லை; அதனால் இந்த நோட்டுதான் நமக்குப் பெரிய கருவி. 650 வாட் போதுமா என்று கவலைப்பட வேண்டாம். உங்கள் கார்டு 170 வாட் வகை, பிராசசர் 65 வாட் வகை. மொத்தக் கணினியும் முழு வேகத்தில் ஏறத்தாழ 300 வாட்டைச் சுற்றித்தான் நிற்கும்.

பதில்: பாம்பன், மின்பணியாளர்

தம்பி, கணினியைப் பற்றி அவர் சொன்னதற்கு மேல் எனக்குத் தெரியாது. அதற்கு வரும் கரன்டைப் பற்றி நான் சொல்கிறேன்.

உங்கள் ஊரில் ஐஸ் கம்பெனி பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். படகுகள் கடலுக்குப் போவதற்கு முந்தைய மாலையில் ஐஸ் அடிக்கும் கம்ப்ரசர் மோட்டார் எடுக்கும்போது, அதே டிரான்ஸ்பார்மரில் இருக்கும் வீடுகளில் விளக்கு ஒருமுறை மங்கி எழும். அந்த ஒரு மங்கலில் இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தாவி, மறுபடியும் லைனுக்குத் திரும்பும். மின்விசிறிக்கு அது தெரியாது. கணினிக்குத் தெரியும்.

வீட்டு இன்வெர்ட்டர் பலவற்றின் பின்புறத்தில் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். ஒருபக்கம் யூபிஎஸ் என்றும் மறுபக்கம் நார்மல் அல்லது ஈகோ என்றும் போட்டிருக்கும். யூபிஎஸ் பக்கம் வைத்தால் லைனிலிருந்து பேட்டரிக்கு மாற ஏறத்தாழ 10 மில்லிநொடி ஆகும். மறுபக்கம் வைத்தால் 40 மில்லிநொடி வரை போகும். நம் கரன்ட் நொடிக்கு 50 சுற்று, அதாவது ஒரு சுற்றுக்கு 20 மில்லிநொடி. அப்படியானால் இரண்டு முழுச் சுற்றுகள் கரன்டே இல்லாமல் போகிறது. கணினியின் பவர் சப்ளை தன் கெப்பாசிட்டரில் பிடித்து வைத்திருக்கும் மின்சாரம் முழுச் சுமையில் ஏறத்தாழ 16 மில்லிநொடிதான் தாங்கும். 10-ஐத் தாண்டிவிடும், 40-ஐத் தாண்டாது. இன்வெர்ட்டர் மாட்ட வந்தவர்கள் பல வீடுகளில் அந்த ஸ்விட்சை ஈகோ பக்கமே விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். உங்கள் இன்வெர்ட்டர் லைன் கரன்ட் போலவே சீரான அலை தரும் சைன் வேவ் வகையா, சதுர அலை தரும் ஸ்கொயர் வேவ் வகையா என்பதையும் பாருங்கள். ஸ்கொயர் வேவ் என்றால் இப்போதைய நல்ல பவர் சப்ளைகள் சில அதனுடன் ஒத்துப்போவதில்லை.

இன்னொன்று. கேபினட்டின் இரும்பைத் தொட்டால் விரலில் சுள்ளென்று ஏறுகிறதா? ஏறினால் உங்கள் வீட்டு எர்த் வேலை செய்யவில்லை. அதனால் கணினி அணையாது. ஆனால் ஆளுக்கு ஆபத்து. எர்த் அறுந்திருந்தால் பவர் சப்ளையின் வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள் வழியாகக் கேபினட்டில் ஏறத்தாழ 115 வோல்ட் நிற்கும். நம் தீவில் எர்த் கெடுவதற்கு மண் காரணமில்லை. ஈரமான உப்பு மண் மின்சாரத்தை நன்றாகவே கடத்தும். மண்ணுக்கு மேலே தெரிகிற கிளாம்பும் போல்ட்டும்தான் துருத்துப்போய்க் கம்பி தனியே நிற்கும். ஒரு கைப்பிடி மண் தள்ளி, அந்தப் போல்ட்டைக் கண்ணால் பாருங்கள். மல்டிமீட்டர் இருந்தால் பிளக் பாயிண்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளந்து பாருங்கள்; இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பழக்கமில்லாவிட்டால் பக்கத்தில் உள்ள வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

எந்தக் காரணத்துக்காகவும் பவர் சப்ளைப் பெட்டியைத் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும்.

கேட்டவர்: தங்கச்சிமடம்

மூவருக்கும் நன்றி. ஒன்பது நாள் நோட்டு எழுதினேன், விவரம் தருகிறேன்.

வெப்பம் காரணமில்லை. முழு ரெண்டரில் 74 டிகிரிக்கு மேல் ஏறவில்லை.

இந்த ஒன்பது நாளில் கணினி பதினான்கு முறை அணைந்தது. எல்லாவற்றிலும் பக்செக் கோட் 0. ஆனால் கீழக்கரை அண்ணன் சொன்னது போலவே பதிவுகள் இரண்டாகப் பிரிந்தன. எட்டு முறை பவர் பட்டன் டைம்ஸ்டாம்ப் 0; அந்த எட்டும் மாலை ஐந்து மணிக்கும் இரவு பத்து மணிக்கும் இடையில் நடந்தவை, அவற்றில் ஆறு முறை இன்வெர்ட்டர் "டக்" என்று மாறியதை என் காதால் கேட்டேன். ஐஸ் கம்பெனி எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில்தான் இருக்கிறது. இன்வெர்ட்டரைச் சுவரிலிருந்து நகர்த்திப் பார்த்தபோது அந்தச் சின்ன ஸ்விட்ச் ஈகோ பக்கமே இருந்தது. சைன் வேவ் வகை என்று அட்டையில் எழுதியிருக்கிறது. ஐந்தாம் நாள் காலையில் அதை யூபிஎஸ் பக்கம் தள்ளினேன். அதற்குப் பிறகு மாலையில் ஒருமுறைகூட அணையவில்லை. இரண்டு ஆண்டுகளாக அந்த ஸ்விட்ச் அங்கே இருப்பதே எனக்குத் தெரியாது.

கேபினட்டில் சுள்ளென்று ஏறியது உண்மை. அதை இயல்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எர்த் குழாயின் போல்ட்டைக் கைவிரலால் தொட்டபோது அப்பளம்போல் உதிர்ந்தது. வயர்மேனை அழைத்துப் புதிய கிளாம்பு போட்டுவிட்டோம். இப்போது ஏறுவதில்லை.

மீதமுள்ள ஆறு முறைதான் புரியவில்லை. அவை எல்லாம் இரவு ஒரு மணிக்கும் அதிகாலை ஐந்து மணிக்கும் இடையில் நடந்தவை. விளக்கு சிமிட்டவில்லை, இன்வெர்ட்டர் மாறவில்லை. அவற்றில் பவர் பட்டன் டைம்ஸ்டாம்ப்பில் நீண்ட எண் இருக்கிறது. நான் பொத்தானைத் தொடவே இல்லை. வீட்டில் வேறு யாரும் அந்த நேரத்தில் விழித்திருக்கவில்லை. ஆறில் மூன்று முறை, முதலில் சொன்ன அந்தச் சுழலும் வட்டம் மூன்று நான்கு நொடிகள் தெரிந்துவிட்டு அணைந்தது. மதர்போர்டு தவறாகப் பதிவு செய்கிறதா? அப்படியானால் கடைக்காரர் சொன்னபடி மதர்போர்டுதான் பழுதா?

பதில்: கீழக்கரை, கணினிப் பழுதுபார்ப்பவர்

பாதி வென்றுவிட்டீர்கள், மகிழ்ச்சி. மீதிப் பாதிக்கு, பயாஸில் "பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல்" என்ற அமைப்பை "டிபிகல் கரன்ட் ஐடில்" என்று மாற்றிப் பாருங்கள் என்று சொல்ல நினைத்தேன். ரைசன் கணினிகள் வேலையில்லாமல் இருக்கும்போது மிகக் குறைந்த மின்சாரத்துக்கு இறங்கி, சில பவர் சப்ளைகள் அதைத் தாங்காமல் அணைவது உண்டு. ஆனால் அந்த நோயில் டைம்ஸ்டாம்ப்பில் எண் வராது. எண் வந்திருப்பதால் பொத்தான் பக்கமே எனக்கும் ஐயமாக இருக்கிறது. யாரும் தொடாத பொத்தான் எப்படி அழுந்தும் என்பதுதான் விளங்கவில்லை.

பதில்: மண்டபம் முகாம், ஆய்வகக் கருவிகளைப் பராமரிப்பவர்

வணக்கம் தம்பி. உங்கள் முதல் கேள்வியில் யாரும் கவனிக்காமல் விட்ட ஒரு வரி இருக்கிறது. விடியற்காலை மூன்று மணிக்குக் கணினி தானாகவே எரிந்துகொண்டிருந்தது என்று உங்கள் அம்மா சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் சொன்னது சரியாகத்தான் இருக்கும். தானாக அணைவதற்கும் தானாக எரிவதற்கும் பொதுவான பாகம் ஒன்றே ஒன்றுதான்: முன்பக்கப் பொத்தான்.

அந்தப் பொத்தான் மின்சாரத்தை நேரடியாக வெட்டுவதில்லை. மதர்போர்டு அதிலிருந்து வரும் இரண்டு மெல்லிய கம்பிகளில் ஒன்றில் சிறு மின்னழுத்தத்தை வைத்துக் காத்திருக்கிறது. பொத்தானை அழுத்தினால் இரண்டு கம்பிகளும் சேர்ந்து அந்த மின்னழுத்தம் விழுகிறது. விழுந்தது என்றால் "அழுத்தினார்கள்" என்று மதர்போர்டு எடுத்துக்கொள்ளும். விரலால் விழுந்ததா, ஈரத்தால் விழுந்ததா என்று அதற்குத் தெரியாது. அணைந்திருக்கும் கணினி என்றால் எழும். இயங்கும் கணினி என்றால் விண்டோஸ் மூடத் தொடங்கும். மின்னழுத்தம் நான்கு நொடிகளுக்கு மேல் விழுந்தே இருந்தால் மதர்போர்டு கட்டாயமாக அணைத்துவிடும். நீங்கள் பார்த்த வட்டம் மூன்று நான்கு நொடிகள் மட்டும் சுழன்றது இதனால்தான்.

ஏன் இரவில் மட்டும்? இதற்கு விடை உங்கள் வீட்டு அடுக்களையில் இருக்கிறது. உப்பு ஜாடியைத் திறந்து வைத்தால் இரவில் கசிந்து நீர் விடும் அல்லவா? உப்புக் கருவாட்டை வெயில் தாழ்ந்ததும் எடுத்து மூடாவிட்டால், பகல் முழுவதும் காய்ந்தது விடிவதற்குள் கசகசத்துவிடும். சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டியதும் காற்றிலிருந்து நீரை இழுத்துத் தானே கரைந்துவிடும் தன்மை உடையது. கடலுப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது; அதற்கு 33 விழுக்காடே போதும். கடற்காற்று கொண்டுவந்து படியவைக்கும் உப்புப் படலம் பகலில் பெரும்பாலும் வெள்ளைத் தூசி, மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. நள்ளிரவுக்குப் பிறகு அது உப்புநீராகி, பொத்தானின் இரண்டு கால்களுக்கும் இடையே ஒரு சிறு பாலம் கட்டிவிடுகிறது. காலையில் வெயில் ஏறியதும் பாலம் காய்ந்துபோகும். பகலில் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் கணினி நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும்.

நம் ஊர்க் காற்றை எளிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உலோக அரிமானத்தைச் சோதிப்பதற்கு மண்டபத்தைத் தேர்ந்தெடுத்து நிலையம் அமைத்தது இந்தக் காற்றுக்காகத்தான். 2025-இல் திறக்கப்பட்ட புதிய பாம்பன் ரயில் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் துருவைத் தடுக்கும் பாலிசிலோக்சேன் பூச்சும் தேவைப்பட்டன. உங்கள் கேபினட் பொத்தான் சில ரூபாய் பெறும் தகரத் துண்டு. அதற்கு எந்தப் பூச்சும் கிடையாது. நான் பராமரிக்கும் கருவிகளிலும், விலையுயர்ந்த உட்பாகங்கள் கெடுவதற்கு முன்பே முன்பக்கத்துப் பொத்தான்களும் செருகு முனைகளும்தான் கெடுகின்றன. கையின் வியர்வையும் காற்றின் உப்பும் சேரும் இடம் அதுதான்.

ஊகத்தில் எதையும் வாங்க வேண்டாம், செலவில்லாமல் உறுதிசெய்யலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மதர்போர்டின் கீழ் ஓரத்தில் இருக்கும் முன்பக்க இணைப்பு ஊசிகளிலிருந்து பவர் ஸ்விட்ச் என்று எழுதியிருக்கும் இரட்டைக் கம்பிச் செருகியை மட்டும் உருவிவிடுங்கள். பிறகு கணினியை இயக்க, அந்த இரண்டு ஊசிகளையும் ஒரு திருப்புளியின் நுனியால் ஒரு நொடி தொட்டால் போதும். அங்கே இருப்பது மிகக் குறைந்த மின்னழுத்தம்தான், ஆபத்தில்லை. பக்கத்து ஊசிகளில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பொத்தான் இணைப்பே இல்லாமல் நான்கைந்து இரவுகள் ஓடவிடுங்கள். அணையவில்லை என்றால் மதர்போர்டின் மேல் பழியில்லை.

இரண்டாவது சோதனை இன்னும் நேரடியானது. உருவிய அந்தச் செருகியின் இரண்டு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்து, மாலையில் ஒருமுறையும் இரவு இரண்டு மணிக்கு ஒருமுறையும் மின்தடையை அளந்து எழுதுங்கள். நல்ல பொத்தான் எந்த நேரத்திலும் அளவிட முடியாத தடையைக் காட்ட வேண்டும்.

கேட்டவர்: தங்கச்சிமடம்

அக்கா, நேற்று இரவு அளந்தேன். காத்திருக்க முடியாமல் உடனே எழுதுகிறேன்.

மாலை ஆறு மணிக்கு மீட்டரில் எண்ணே வரவில்லை. அளவுக்கு அப்பாற்பட்டது என்றுதான் காட்டியது. இரவு பதினொன்றுக்கு 400 கிலோ ஓம். இரண்டு மணிக்குக் கீழே இறங்கிக்கொண்டே வந்து 2.8 கிலோ ஓமில் நின்றது. நான் பொத்தானைத் தொடவில்லை. செருகியைக் கையில் பிடிக்காமல் மேசைமேல் வைத்துத்தான் அளந்தேன். அம்மாவை எழுப்பிக் காட்டினேன்.

காலையில் முன்பக்க மூடியைக் கழற்றினேன். பொத்தானின் வெளிப்பக்கம் புதிதுபோலப் பளபளப்பாக இருந்தது. பின்பக்கத்தில், கம்பி பற்றவைத்த இரண்டு கால்களிலும், தேவாலயத்துப் பழைய செம்பு விளக்கில் இருப்பதுபோல் பச்சைக் களிம்பு ஏறி, ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மயிர்க்கோடுபோல் படர்ந்திருந்தது. விரலால் தடவியபோது பிசுபிசுத்தது. நுனிநாக்கில் வைத்துப் பார்க்காமலே உப்பு என்று தெரிந்தது. பொத்தான் இருக்கும் பக்கம் நேராகத் தெற்குச் சன்னலைப் பார்த்திருக்கிறது. கச்சானில் அந்தச் சன்னலை நான் இரவு முழுவதும் திறந்தே வைப்பேன். கணினி சூடாகக் கூடாது என்பதற்காக.

இதைச் சுத்தம் செய்தால் போதுமா, மாற்ற வேண்டுமா? எதைக் கொண்டு துடைப்பது? மதர்போர்டிலும் இப்படிப் படிந்திருக்குமோ என்று அச்சமாக இருக்கிறது.

பதில்: மண்டபம் முகாம், ஆய்வகக் கருவிகளைப் பராமரிப்பவர்

மாற்றிவிடுங்கள். களிம்பைத் துடைத்தாலும் உள்ளே தகட்டில் ஏறியிருப்பது போகாது. அடுத்த ஈரக் காற்றில் மறுபடியும் தொடங்கும். புதிய பொத்தான் கிடைக்கும்வரை ரீசெட் பொத்தானின் செருகியை எடுத்துப் பவர் ஸ்விட்ச் ஊசிகளில் மாட்டுங்கள். இரண்டும் ஒரே வகைப் பொத்தான்தான், வேலை செய்யும். மாட்டுவதற்கு முன் இரவில் அதையும் அளந்துவிடுங்கள், ஏனென்றால் அதுவும் அதே காற்றில் இருந்ததுதான்.

மதர்போர்டை அச்சப்படாமல், ஆனால் பொறுமையாகப் பாருங்கள். முன்பக்க ஊசிகள், ரேம் செருகும் பள்ளம், 24 முனைப் பவர் இணைப்பு, பின்பக்க யூஎஸ்பி வாய்கள் ஆகிய இடங்களில் வெள்ளையோ பச்சையோ தெரிந்தால், 99 விழுக்காடு ஐசோபுரோபைல் ஆல்கஹாலை மென்மையான தூரிகையில் தொட்டு, மின்சாரம் முழுவதும் துண்டித்த நிலையில் துடையுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 விழுக்காட்டில் தண்ணீர் கலந்திருப்பதால் அது வேண்டாம். துருவுக்கு அடிக்கும் எண்ணெய்த் தெளிப்பான்களை மதர்போர்டில் அடிக்கவே கூடாது; எண்ணெய்ப் படலம் தூசியையும் உப்பையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ரேமின் தங்க முனைகளை அழிப்பானால் தேய்க்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. மெல்லிய தங்கப் பூச்சு அதனால் தேயும். ஆல்கஹாலே போதும்.

சன்னலைப் பற்றி: கணினியைக் குளிரவைக்க ஈரக் காற்று தேவையில்லை. 74 டிகிரிதான் ஏறுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மேசையை உள்சுவர்ப் பக்கம் நகர்த்தி, காற்று உள்ளே இழுக்கும் முகப்பில் கழுவி மாட்டக்கூடிய மெல்லிய வலைவடிகட்டி ஒன்று வைத்து, இரவில் சன்னலைச் சாத்திவிடுங்கள். கச்சான் நேரத்தில் கணினியைப் பல நாள் அணைத்தே வைத்திருப்பதைவிட, தினமும் சிறிது நேரம் இயங்கவிடுவது நல்லது. உட்புறத்துச் சூடு ஈரத்தை விரட்டும்.

கேட்டவர்: தங்கச்சிமடம்

இருபத்தாறு இரவுகள் கடந்துவிட்டன. ஒருமுறைகூட அணையவில்லை, ஒருமுறைகூடத் தானாக எரியவில்லை. ரீசெட் பொத்தானும் இரவில் 90 கிலோ ஓம் காட்டியதால் அதைப் பயன்படுத்தவில்லை. இராமநாதபுரத்தில் மின்பொருள் கடையில் நாற்பது ரூபாய்க்கு, நீர் புகாத ரப்பர் மூடியுடன் கூடிய அழுத்துப் பொத்தான் ஒன்று வாங்கி, கால்களைப் பற்றவைத்து, வெப்பத்தில் சுருங்கும் குழாய் போட்டு மூடினேன். மூன்று திருமணக் காணொளிகளும் ஒரு நாள் தாமதமாக ஒப்படைக்கப்பட்டன. மாற்றத் தேவையில்லாமல் மாற்றிய பழைய பவர் சப்ளையையும் ரேமையும் இப்போது தனித்தனியே மீண்டும் மாட்டி மூன்று நாள் ஓட்டிப் பார்த்தேன், இரண்டிலும் குறையில்லை. அவற்றை வைத்து என் தங்கைக்கு ஒரு கணினி பொருத்திக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். அவள் மேசை உள்ளறையில்தான் இருக்கும்.

அம்மா சொன்னதை நம்பாமல் விட்டதற்காக அவர்களிடம் சொல்லி வருந்தினேன்.

பதில்: கீழக்கரை, கணினிப் பழுதுபார்ப்பவர்

மிக்க மகிழ்ச்சி சகோதரரே. மண்டபம் சகோதரிக்கு என் தனிப்பட்ட நன்றி. மின்தடையை இரவில் அளக்க வேண்டும் என்பது இத்தனை ஆண்டுகளில் எனக்குத் தோன்றவில்லை. பகலில் கடையைத் திறந்து, பகலிலேயே சோதித்து, பகலில் எல்லாம் சரியாக இருப்பதைக் கண்டு, பவர் சப்ளையின் மேல் பழியைப் போட்டிருக்கிறேன். இந்தப் பருவத்தில் அப்படி எழுதி ஒதுக்கி வைத்த இரண்டு கணினிகள் இப்போதும் கடையின் மூலையில் இருக்கின்றன. ஒன்று ஏர்வாடியிலிருந்தும் ஒன்று தேவிபட்டினத்திலிருந்தும் வந்தவை. இன்று இரவு கடையை மூடியதும் இரண்டின் முன்பக்க மூடிகளையும் கழற்றி, சன்னலைத் திறந்துவைத்து, இரண்டு மணிக்கு வந்து அளக்கப் போகிறேன். கிடைக்கும் எண்களை நாளை இங்கே எழுதுகிறேன்.